ஊராட்சித் தேர்தலும் உறவுமுறையும்



நம் தென்காசி 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்து ஊராட்சிகட்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களிலும், தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி முதலியவற்றிற்கு 2022 பிப்ரவரி 19-ஆம் நாளிலும் தேர்தல் நடைபெற்றது. ஊராட்சித் தலைவர் தேர்தலிற் கட்சிச் சின்னம் இல்லை. கட்சி விலகிய அவ்விடத்தே புகுந்தது யாது? 'நம்மவர்' என்னும் ஒரு சொல்லன்றோ!

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலை முறையைக் கூறுகின்றது. நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே அன்று அவ்வுரிமை இருந்தது. அக்குறையை மறைத்தல் வேண்டா. ஆயினும், வாரியப் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறலாகாதென அது விதித்தது. அன்று தடையாயிருந்த உறவு இன்று தகுதியாகிவிட்டது!

நம் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இது. நம்மவராயினும் பிறராயினும், கிராம சபையில் வரவு செலவை ஒளியாது உரைப்பவர்க்கே வாக்களியுங்கள். மகளிர்க்கும் பட்டியலினத்தார்க்கும் ஒதுக்கிய இடங்களில் நமக்கு அடங்கி நடப்பாரைத் தேடாதீர்கள். அவர்தம் உரிமை அவர்க்கே ஆகுக. தெருக்குழாயில் நீர் வாராத நாளில் உறவுமுறை நம் தாகந் தீர்க்காது.