மண் மூடிய ஊரின் வரலாறு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிஷன் பாடசாலையில் நான் கற்ற வரலாறு அரசர் பெயர்களும் ஆண்டுகளுமாகவே இருந்தது. பட்டப்படிப்பின் ஆய்வுக்காக மீரியபெத்தையை எடுத்துக்கொண்ட பின்னரே, ஓர் ஆண்டைக் கண்டுபிடிப்பது எத்துணை பாடு என்பது விளங்கிற்று.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியதை யாவரும் அறிவீர்கள். எத்தனை பேர் மாண்டனர்? முதல் நாட்களின் செய்திகள் நூற்றுக்கணக்கில் கூறின. பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பொய் சொன்னார்கள் என்று எளிதாகத் தீர்த்துவிடலாம். ஆனால் அது ஆராய்ச்சி ஆகாது. தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்குப் பெயர் கொடுத்தவர் மட்டுமே இருப்பர். வாக்காளர் இடாப்பில் சிறுவர் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் பெயரோ ஊர்க் கணக்கில் இருக்கும். அன்று காலை பாடசாலை சென்றதால் பிழைத்த பிள்ளைகளும் உண்டு. ஊரில் பதிந்தவர் வேறு, அந்நேரம் லயத்துள் இருந்தவர் வேறு. இவ்வேறுபாட்டைக் காணாமல் தொகையைப் பற்றிப் பேசுவது வீண்.

பெயர்களிலும் இதே தொல்லை. துரைமாரின் கந்தோரில் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் வேறுவிதமாகவும், வீட்டில் மூன்றாவது விதமாகவும் ஒரே மனிதர் அழைக்கப்படுகிறார். மூவர் என்று எண்ணிவிட்டால் மூவராகிவிடுவார்!

2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானதென எச்சரித்ததாக அதிகாரிகள் கூறினர். போவதற்கு மாற்றிடம் தரவில்லை என்றனர் மக்கள். யார் பக்கம் நிற்பது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாமே! எச்சரிக்கை கடிதத்தில் இருக்கும். காணி கடிதத்தில் வராது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஒரே நிகழ்ச்சியைக் கண்டவர்களும் சார்பினாலும் மறதியினாலும் வெவ்வேறாகச் சொன்னார்கள் என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே அலுத்துக்கொண்டார். நமக்கு ஆறுதல் அவ்வளவே.

வாய்மொழியை நம்பலாமா என்று பெரியோர் வினவுவர். ஓர் அப்பாயியிடம் அவர் மணமான ஆண்டைக் கேட்டேன். "பஞ்சத்துக்கு மறுவருஷந்தான் தம்பி. அப்பத்தான் தொரமாரு போயி தோட்டம் கவுருமெந்துக்கு வந்திச்சு" என்றார். தோட்டங்களைப் பட்டினி வாட்டியது 1973-74இல். கம்பனித் தோட்டங்களை அரசு ஏற்றது 1975இல். அவர் ஆண்டைச் சொல்லவில்லை. ஆயினும் தவறாமல் சொல்லிவிட்டார். நம் மக்கள் பஞ்சத்தையும், சட்டத்தையும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் உறவினர் கப்பலேறியதையும் கொண்டு காலத்தை அளக்கின்றனர். நாட்காட்டியோடு பொருத்துவது ஆய்வாளன் வேலை. அப்பாயி வேறொன்றும் கூறினார்: மலை முன்னும் அசைந்ததாம். எந்த ஆண்டென்று அவரால் இணைக்க முடியவில்லை. ஆகவே அதை ஆண்டின்றியே எழுதி வைத்துள்ளேன்.

தோட்டப் பதிவேடுகள் ஏக்கரையும் கொழுந்து நிறையையும் நன்கு காத்தன. லயத்துள் வாழ்ந்தவரைப் பற்றி அவற்றில் காண்பது கொஞ்சமே. ஆதலால் இச்சபையிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் ட்ரங்குப் பெட்டிகளில் பழைய துண்டு, பிறப்புச் சாட்சி, பிரஜாவுரிமைக் கடிதம், கலியாணப் படம் எது இருந்தாலும் என்னிடம் காட்டுங்கள். எடுத்துச் செல்லமாட்டேன், தங்கள் முன்னிலையிலேயே படம் பிடித்துத் திருப்பித் தந்துவிடுவேன். கூட்டம் முடிந்தபின் வாசலருகே இருப்பேன்.