காற்றும் காட்டுத் தீயும்

இன்றைய பேச்சு காட்டுத் தீயைப் பற்றியது.

வடக்கே இமயமலையில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறது. அங்கே மலைச் சரிவுகளில் பைன் மரங்கள் அதிகம். சவுக்கு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பைன் இலையும் அப்படி ஊசி போலத்தான் இருக்கும். கோடையில் அது உதிர்ந்து, தரையில் மெத்தை போலக் கிடக்கும். அந்தச் சருகை அங்கே பிரூல் என்பார்கள். அதில் பிசின் உண்டு. ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், பற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடு வரை அங்கே தீக் காலம். குளிர்காலத்தில் மழையும் பனியும் குறைந்தால் ஆபத்து அதிகம். 2016-இல் தீ பெரிதாகப் பரவியது. விமானப் படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு காட்டில் ஊற்றின.

வெயில் மட்டுமா காரணம்? ஈரத் துணி எப்போது சீக்கிரம் காய்கிறது? வெயிலோடு வறண்ட காற்றும் வீசும்போதுதானே! சருகும் அப்படித்தான் காய்கிறது. பிறகு அதே காற்று, ஊதுகுழலால் அடுப்பை ஊதுவது போலத் தீயை ஊதுகிறது. தீப்பொறியைத் தூக்கிப்போய் ஓடைக்கு அந்தப் பக்கமும் போடுகிறது.

மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். தீயும் மேட்டைப் பார்த்தே ஓடும். எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுடர் விரலை நோக்கி வருகிறது அல்லவா? அது போலத்தான். மேட்டில் அந்த வேகத்துக்கு ஆளால் ஓட முடியாது.

2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தில் பின்சர் சரணாலயம் எரிந்தது. அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. 4 பேர் அன்றே இறந்தார்கள். காட்டிலேயே வேலை செய்தவர்களுக்கே இந்தக் கதி.

தீயை வைப்பது பெரும்பாலும் மனிதர்தான். வயலில் களையைக் கொளுத்துவார்கள். புதுப் புல் முளைக்கட்டும் என்று சரிவில் தீ வைப்பார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? மாட்டுக்குத் தீனி வேண்டுமே! ஆனால் தீ கைமீறினால் இருக்கிற புல்லும் போய்விடும். பிறகு புல்லுக்காகப் பெண்கள்தான் இன்னும் தொலைவு நடக்க வேண்டும்.

காற்று அடிக்கும் நாளில் கொளுத்தவே வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம். காட்டை ஒட்டிய நிலம் என்றால் முதலில் வனக்காவலரைக் கேளுங்கள். கொளுத்தும் இடத்தைச் சுற்றிச் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். குடத்தில் தண்ணீரும், பச்சைக் கிளையும் பக்கத்தில் இருக்கட்டும். சாம்பல் ஆறும்வரை இடத்தை விட்டுப் போகாதீர்கள்.

காட்டில் தீயைக் கண்டால் என்ன செய்வது? தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே இருந்தது காய்ந்த புல்தான். புல்தானே என்று நினைக்காதீர்கள். தீ கீழே இருந்தால் மேட்டுக்கு ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகுங்கள். பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை எதுவானாலும் நல்லது. சுள்ளி பொறுக்கப் போகும்போது நைலான் சேலை வேண்டாம். அது உருகி உடம்பில் ஒட்டும். பருத்திச் சேலையே நல்லது.

தப்பி வந்ததும் 112-க்குப் போன் செய்யுங்கள். எந்த மலை, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்றும் மறக்காமல் சொல்லுங்கள்.