மலையூர்ச் சிறாரும் கணினி நிரலும்



சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில், தாய் காப்பிப் பழம் பறிப்பதைப் பார்த்து வளரும் சிறுமிக்கு ஒரு விதி தெரியும். பழம் சிவந்திருந்தால் பறிக்க வேண்டும். பச்சையாயின் விட்டுவிட வேண்டும். கிளை முடியும்வரை இதனையே திரும்பச் செய்ய வேண்டும். கணினி நிரலாக்கத்தின் அடிப்படைகளாகிய நிபந்தனையும் மீள்செயலும் இவ்விதியுள் அடங்கிவிட்டன. அச்சிறுமிக்குப் புதியது அக்கருத்தன்று. அது எழுதப்படும் அயல்மொழியே.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நிரலாக்கப் பயிற்சி தொடங்கலாம் என்றது. ஆனால் ஆங்கிலக் கட்டளையைப் பொருள் விளங்காது மனப்பாடம் செய்யும் பிள்ளை இடறினால், உலகம் அதனை அறிவுக்குறை என்று எண்ணிவிடுகிறது. மொழித்தடை அறிவுக்குறை ஆகாது. அந்தத் தவறான தீர்ப்பால் ஒரு பிள்ளை கணினியை விட்டு விலகினால், அவ்விழப்பு யாருடையது?

இத்தடையை நீக்க முயன்றவர் முத்தையா அண்ணாமலை. அவர் உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி ஆகிய தமிழ்ச் சொற்களே கட்டளைகள். நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வருவதால், அது தமிழ்த் தொடரமைப்போடு இசைந்து நிற்கிறது. தமிழில் கருத்துத் தெளிந்த பிள்ளைக்குப் பின்னர் ஆங்கிலக் கட்டளைகள் வெறும் பெயர்மாற்றமே.

கணினி போதாத பள்ளியிலும் பாடம் தொடங்கலாம். தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து, ஒரு மாணவன் கட்டளையிட, மற்றொருவன் அதன்படியே நடக்கட்டும். நடப்பவன் சுவரில் முட்டினால் பிழை அவனுடையதன்று. கட்டளையில் எந்த அடி தவறியது என்று தேட வேண்டும். 1967இல் சீமர் பாப்பெர்ட்டும் தோழர்களும் படைத்த ‘லோகோ’ மொழியில் ஆமையொன்றை நடத்திச் சிறுவர் கற்றதும் இவ்வழியே. பிறரைக் குறை கூறுமுன் தன் சொல்லைச் சரிபார்க்கும் பழக்கம், கணினிக்கு அப்பாலும் பயன்தருவது.

நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், மாணவனின் கொள்திறம் அறிந்து கற்பிக்குமாறு ஆசிரியனைப் பணித்தார். நிலம், துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு மலையையும் நல்லாசிரியனுக்கு உவமையாக்கினார். மழை பொய்த்த காலத்தும் வளம் தருவது மலை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

அம்மலையில் வாழ்வோருக்குச் சமவெளி திருப்பித் தரவேண்டியது ஒன்றுண்டு. நம் இல்லங்களில் பயனின்றிக் கிடக்கும் மடிக்கணினிகள் சில அங்குச் செல்லட்டும். கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்கள் கோடை விடுமுறையில் சில நாள்களேனும் அங்குத் தங்கித் தமிழில் கற்பிக்கட்டும். கல்விக் கொடை அவ்வாறு தொடங்கட்டும்.