காலையும் காப்போம், கண்ணையும் காப்போம்
(கும்மிடிப்பூண்டியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டு வருகிறீர்கள். "சர்க்கரை வியாதியால் காலில் புண் ஆறாதவர்களுக்குப் புது இரத்தக் குழாய்களையே வளர வைக்கும் மருந்து வந்துவிட்டதாமே, அதை வாங்க நாங்கள் உதவலாமா?" என்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. அதற்கான பதிலை இன்று சொல்ல விரும்புகிறோம்.

நம் இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே வரிசைச் செல்கள் மெல்லிய படலமாக மூடியிருக்கின்றன. சர்க்கரை, புகையிலை, இரத்தக் கொதிப்பு ஆகியவை இந்தப் படலத்தைக் காயப்படுத்துகின்றன. காயம் பட்ட இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு வளர்ச்சிக் காரணியை வெளிவிடுகின்றன. அது குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்களைப் பெருகச் செய்கிறது. அமெரிக்காவில் ரசல் ராஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1974இல் இதைக் காட்டினார்கள். என்றோ ஒருநாள் பட்ட காயமானால் இது நல்ல பழுதுபார்ப்பு. தினந்தோறும் காயம் பட்டால் ஒட்டுப்போடும் வேலை ஓய்வதேயில்லை. சுவர் தடிக்கிறது, கொழுப்பு சேருகிறது, வழி குறுகுகிறது.

வி.இ.ஜி.எப். என்பது மற்றொரு காரணி. நெப்போலியோனே ஃபெராரா 1989இல் இதைப் பிரித்தெடுத்தார். பிராணவாயு போதாமல் தவிக்கும் திசு இதை வெளிவிடும். உடனே அங்கே புதுக் குழாய்கள் துளிர்க்கும். சர்க்கரை வியாதிக்காரரின் கால் புண்ணில் இந்தத் துளிர்ப்பு பல வேளைகளில் போதாமல் போகிறது. அதே மனிதரின் விழித்திரையிலோ இது மிதமிஞ்சிச் சுரக்கிறது. அங்கே வலுவற்ற குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வையைக் கெடுக்கின்றன. அதனால்தான் கண் மருத்துவமனைகளில் இந்தக் காரணியைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுகிறார்கள். காலுக்குத் தேவைப்படுவதே கண்ணுக்குக் கேடாகிறது. ஆகவே இதைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட முடியாது.

மருந்து வந்திருப்பது மெய்தான். தட்டணுக் காரணியைக் கொண்ட களிம்பு ஒன்றுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தக் களிம்பு, காலுக்குப் போதுமான இரத்த ஓட்டம் உள்ளவர்களுக்கே உரியது. பீடி, சிகரெட், புகையிலை பழக்கமுள்ளவர்களுக்கு வருகிற பர்ஜர் வியாதிக்கு, பெங்களூருவில் உருவான செல் சிகிச்சைக்கு நம் நாட்டில் 2016இல் வரையறைக்குட்பட்ட அனுமதி தரப்பட்டது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்துவார்கள்; அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும். என்றாலும் பர்ஜர் வியாதிக்கு முதல் மருந்து புகையிலையை அடியோடு விடுவதே. விடாதவருக்கு மற்ற எதுவும் நிலைத்த பலன் தராது.

இனி நம் பகுதிக்கு வருவோம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. சிப்காட் தொழிற்சாலைகளில் பல மணி நேரம் பூட்ஸ் காலோடு நின்று வேலை செய்கிறவர்களிலும் இந்த வியாதிக்காரர் உண்டு. மரத்துப்போன காலில் சிறு கல் உறுத்தினாலும் தெரியாது. ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் புண் கண்ணில் படும்.

இதற்கு வழியும் நம் மண்ணிலேயே உண்டு. வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே செருப்பு இன்று சர்க்கரை வியாதிக்காரரின் காலையும் காக்கிறது. பாதத்தில் உணர்ச்சி உண்டா என்று பார்க்க 10 கிராம் நைலான் இழை ஒன்று போதும். வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் 2021 முதல் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். விலையுயர்ந்த காரணி மருந்து, நிபுணர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற சிலருக்கு. உங்கள் காணிக்கை முதலில் செருப்புக்கும், பாதப் பரிசோதனைக்கும், கண் பரிசோதனைக்கும், புகையிலையை விட உதவும் ஆலோசனைக்கும் போகட்டும். காயமே படாத குழாய்க்கு ஒட்டு தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை வியாதிக்காரர் இருப்பார். இன்றிரவு அவருடைய உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.