வேலை உள்ளவருக்கே விசா



தாய்லாந்தில் தங்கிக்கொண்டே இங்குள்ள முதலாளிக்குக் கணினி வழியே வேலை செய்யலாம் என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். 2024 ஜூலையில் அந்நாடு அதற்கென 5 ஆண்டு விசாவைத் தொடங்கியது. ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம். ஆனால், 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 500,000 பாட் இருப்பும், தாய்லாந்துக்கு வெளியே வேலை இருப்பதற்கான சான்றும் காட்ட வேண்டும்.

ஆக, இந்த விசா வேலை தேடித் தராது. வேலை உள்ளவருக்கே கிடைக்கும். இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். "தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம்" என்ற பேச்சை நம்பிப் போன மலேசியர் சிலர், 2022 முதல் எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள்.

எனவே, பிள்ளை பெட்டி கட்டுமுன், "சம்பளம் கொடுப்பது யார்?" என்று கேட்போம். தெளிவான பதில் வராவிட்டால் அனுப்ப வேண்டாம்.