பத்து வருஷக் கணக்கு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மேடைப்பேச்சு எனக்கு வராது. பகல்ல வங்கியில கணக்கு, ராத்திரியில கவிதை. அதனால ஒரு கணக்கை மட்டும் பேசிட்டு இறங்கிடுறேன்.

போன மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். சக ஊழியர் ஒருவர் செல்போனை என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் நீட்டினார். "பாருங்க சார், இடஒதுக்கீடு பத்து வருஷம்தான்னு அம்பேத்கரே சொல்லிட்டாராம்." படிக்க மூணு விநாடி. மேசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை வாராக்கடன் மாதிரி பார்த்தார்கள்.

பத்து வருஷம் என்பது அரசியல் சட்டத்தின் 334ஆம் பிரிவு. நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்குப் போட்ட கெடு. அதைப் பத்துப் பத்து வருஷமாக நீட்டி, 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால் 2030 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். வேலைக்கான 16(4)இல் கெடு கிடையாது. படிப்புக்கான 15(4)இலும் கிடையாது. சென்னை அரசின் வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, இங்கே எழுந்த போராட்டத்தின் விளைவாக 1951இல் சேர்த்தது அது.

இதைச் சொல்ல வாயெடுத்தேன். 334 என்பதற்குள் ஒருத்தர் கை கழுவப் போய்விட்டார். அரசியல் சட்டமும் அதே செல்போனில்தான் இருக்கிறது தோழர்களே. ஆனா அவங்க சொல்றதுக்கு மூணு விநாடி போதும். நமக்குப் பத்து நிமிஷம் வேணும். அந்தப் பத்து நிமிஷத்தை நமக்குத் தர மறுப்பதும் சாதிதான்.

இன்னொன்று, கசப்பாத்தான் இருக்கும். நாமும் இதே வேலையைச் செய்கிறோம். தனித்தொகுதியே வேண்டாமென்று 1955இல் தீர்மானம் போட்டது பாபாசாகேபின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புதான். 1932 பூனா ஒப்பந்தத்தின்படி தனித்தொகுதியிலும் சாதி இந்துக்கள் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. அப்படி ஜெயிச்சவர் யாருக்காகப் பேசுவார் என்பதுதான் கேள்வி. நம் சுவரொட்டிகளில் இது வராது. எதிரி பயன்படுத்திக்குவான்னு பயம். நானும் அன்றைக்கு இதை மறைச்சேன். நாம மறைக்கிற இடத்தில்தான் அவன் நுழையுறான்.

முழக்கம் வேண்டாம்னு சொல்லல. முழக்கத்துக்குப் பின்னால இருக்கிற பக்கங்களையும் படிச்சு வச்சுக்குவோம். நமக்குப் பாதகமான பக்கத்தையும் சேர்த்துத்தான்.

மறுநாள் எங்க கிளையின் கடைநிலை ஊழியர், ஒரு தம்பி, தனியா வந்தார். "அது எத்தனாவது பிரிவு சார்?" பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினோம். 1955ஐயும் சொன்னேன். "அப்ப தனித்தொகுதி வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். மூணு விநாடியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. சேர்ந்து படிப்போம் தம்பி என்றேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.