பச்சிளங் குழந்தையும் மூளையின் வடிகாலும்

வயலுக்கு நீர் கொண்டு வரும் வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகாலும் அவ்வளவு முக்கியம் என்பதை உழவர் அறிவர். வடிகால் அடைபட்டால் நீர் தேங்கிப் பயிர் அழுகும். மனித மூளையின் நிலையும் அதுவே.

மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு வருவன தமனிகள். பணி முடித்த இரத்தத்தைத் திரும்பக் கொண்டு செல்வன சிரைகள். மூளையின் சிரைகள், அதனைப் போர்த்தியுள்ள தடித்த உறையினுள் அமைந்த சில பெரிய கால்வாய்களில் வந்து கூடுகின்றன. அங்கிருந்து இரத்தம் கழுத்தின் வழியே இதயத்தை அடைகிறது. இக்கால்வாயில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டால், பின்னால் தேங்கும் இரத்தம் மூளையை வீங்கச் செய்யும். சிறு நாளங்கள் வெடித்து இரத்தம் கசிவதும் உண்டு.

இது முதியோர்க்கே உரிய நோய் என்று எண்ணுவோர் பலர். கனடா நாட்டு மருத்துவர்கள் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஆண்டொன்றுக்கு 1,00,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்பட்டது. ஆயினும், அவ்வாறு நோயுற்ற 160 குழந்தைகளுள், பிறந்து ஒரு மாதம் நிறையாத சிசுக்களே மற்றெந்த வயதினரையும் விட மிகுதி.

காரணம் யாது? பிறக்கும்பொழுது சிசுவின் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி வழிவிடுகின்றன. அவை இணையும் உச்சிக் கோட்டின் அடியில்தான் பெருங்கால்வாய் ஒன்று செல்கிறது, அது அழுத்தப்படக்கூடும். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் இரத்தமும் இயல்பிலேயே அடர்ந்தது. இவற்றோடு நோய்க்கிருமித் தொற்று, பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத் திணறல், போதிய பால் இன்றி உடலில் நீர் வற்றுதல் ஆகியவற்றுள் ஒன்று சேருமாயின் ஆபத்து பெருகுகிறது.

இங்கே தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிசுவுக்கு வரும் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதைப் போல இராது. கண்கள் ஒரே திசையில் நிலைத்து நிற்கும். காரணமின்றி வாய் சப்புக் கொட்டும். ஒரு காலோ கையோ மட்டும் விட்டுவிட்டு இழுக்கும். சில விநாடிகள் மூச்சு நின்று உடல் நீலம் பாரிக்கும். நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க மறுத்து, எழுப்பினும் விழிக்காமல் துவண்டு கிடப்பதும் ஓர் எச்சரிக்கையே. இவற்றைத் தோஷம் என்று கருதித் தாயத்துக் கட்டிக் காலம் கழித்தல் தகாது. அன்றே, அந்த மணியிலேயே, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அங்கே குழந்தையின் உச்சிக்குழி வழியாகவே ஒலியலைக் கருவியால் மூளையைப் பார்க்க இயலும். ஐயம் நீங்க, காந்த அதிர்வுப் படம் எடுத்துச் சிரைகளில் இரத்தம் ஓடுகின்றதா என்று ஆராய்வர். முதலில் வலிப்பை அடக்கி, நீர்ச்சத்தைச் சீராக்கி, தொற்றுக்கு மருந்து தருவர். உறைகட்டி மேலும் வளராதிருக்க ஹெப்பாரின் போன்ற மருந்தைத் தருவதும் உண்டு. மூளையில் இரத்தக் கசிவு இருப்பின் அம்மருந்தைத் தரலாமா என்பதை நிபுணர் நன்கு சீர்தூக்கியே முடிவு செய்வர். சில நாட்கள் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பர்.

பல குழந்தைகள் நலமுடன் தேறுகின்றனர். சிலருக்கு வலிப்போ வளர்ச்சித் தாமதமோ தங்கிவிடுவதால், வீடு திரும்பிய பின்னும் பல ஆண்டுகள் மருத்துவர் கண்காணிப்புத் தேவை.

இந்நோயை முழுவதும் தடுக்கும் வழி நம் கையில் இல்லை. ஆனால் நீர் வற்றாமல் காப்பது பெரும்பாலும் நம் கையில் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்குங்கள். ஐந்தாம் நாள் முதல் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கின்றதா என்று பாருங்கள். குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் திறந்து தன் துன்பத்தைச் சொல்ல அறியாத சிசுவுக்காகப் பேச வேண்டியவர்கள் நாமே அல்லவா?